அந்த விளக்கு பழுதாகவில்லை: அறிவியல் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களுக்கு,

வணக்கம். நான் மதுரைக்குப் பக்கத்தில், யானைமலை அடிவாரத்தில், ஒத்தக்கடையில், இன்வெர்ட்டர் பேட்டரி விற்றுப் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இளங்கலை இயற்பியல் படித்தவன். படிப்பை முடித்த மறு வருடமே குடும்பச் சூழ்நிலையால் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிகளில் நடுவர்களாக அமரும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எந்தப் பள்ளி, எந்த நடுவர் என்று நான் சொல்லப் போவதில்லை. யாரையும் தலைகுனிய வைப்பது என் நோக்கம் இல்லை. எதிர்ப்பொருள் (ஆன்டிமேட்டர்) பற்றிப் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி சரியாகச் செய்த படைப்பு ஒன்று, தவறு என்று எழுதப்பட்டுவிட்டது. அதைத் திருத்த வேண்டும் என்ற ஆதங்கம் ஒன்றுதான் என்னை எழுத வைக்கிறது.

அவள் எங்கள் பக்கத்துக் கிராமத்துப் பெண். அவளுடைய அப்பா கடைக்கு வரும்போது கூடவே வருவாள். பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதை உற்றுப் பார்த்துக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்: "மாமா, இந்தப் பேட்டரி ஒரு நாளைக்கு எவ்வளவு கரண்ட் தயாரிக்கும்?"

கடைக்கு வரும் பெரியவர்களில் பாதிப்பேர் கேட்கும் கேள்விதான் இது. நான் எல்லோருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன். "இது தயாரிக்காது தாயி. நீ ஏற்றி வைப்பதைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். அதிலும் முழுதாகத் தராது. பத்து யூனிட் ஏற்றினால் ஏழோ எட்டோதான் திரும்ப வரும். மிச்சம் சூடாகப் போய்விடும்." அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியென்றால் எதிர்ப்பொருளும் பேட்டரிதானே, மாமா?" என்றாள்.

கையிலிருந்த புனலைக் கீழே வைத்துவிட்டேன். விண்கலத்துக்கு எதிர்ப்பொருளை ஆற்றல் மூலமாகப் பயன்படுத்தலாமா என்பதுதான் அவள் கண்காட்சிக்கு எடுத்திருந்த தலைப்பு. அந்தத் தலைப்பின் அடிவேரை அவள் அந்த ஒரே வரியில் பிடித்துவிட்டாள்.

நான் சொல்லி அவள் எழுதினாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் சரிபார்த்ததெல்லாம் சுழியங்களின் எண்ணிக்கையை மட்டும்தான். அவள் அட்டையில் எழுதியிருந்ததை, நீங்கள் நின்று படிக்காத காரணத்தால், இங்கே எடுத்துச் சொல்கிறேன்.

ஒவ்வொரு துகளுக்கும் அதற்கு நேர்மாறான மின்னூட்டம் கொண்ட ஓர் இணை உண்டு என்று 1931இல் இயற்பியலாளர் டிராக் சொன்னார். மறு வருடமே கார்ல் ஆண்டர்சன் எலக்ட்ரானின் இணையான பாசிட்ரானைக் கண்டுபிடித்தார். 1955இல் எதிர்ப்புரோட்டான் கிடைத்தது. 1995இல் ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் ஒன்பது எதிர் ஹைட்ரஜன் அணுக்களை உருவாக்கினார்கள். பொருளும் எதிர்ப்பொருளும் தொட்டுக்கொண்டால் இரண்டும் அழிந்து முழுவதும் ஆற்றலாகிவிடும். ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் சாதாரணப் பொருளோடு சேர்ந்தால் வெளிவரும் ஆற்றல், மின்கட்டணக் கணக்கில் சொன்னால், ஏறத்தாழ 5 கோடி யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் இரண்டரை லட்சம் வீடுகளுக்கு ஒரு மாதத்துக்குப் போதும். இந்த எண்ணை எல்லோரும் சொல்கிறார்கள். அதே கண்காட்சியில் ஒரு மாணவன் செய்து பரிசு பெற்ற விண்கல மாதிரியின் மேலேயும் இதுதான் பெரிய எழுத்தில் இருந்தது. "வற்றாத ஆற்றல் மூலம்" என்று அதன் கீழே எழுதியிருந்தார்கள்.

என் ஆட்சேபம் அந்த "மூலம்" என்ற சொல்லில்தான் தொடங்குகிறது.

நிலக்கரியைப் பூமி வைத்திருக்கிறது, நாம் தோண்டுகிறோம். வெயில் தானாக விழுகிறது. யுரேனியம் பாறையில் கிடக்கிறது. இவை மூலங்கள். எதிர்ப்பொருளுக்குச் சுரங்கம் கிடையாது. அது எங்காவது குவிந்து கிடந்திருந்தால், பக்கத்திலிருந்த பொருளைத் தொட்டு என்றோ அழிந்து போயிருக்கும். பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சுப் பட்டையில் எதிர்ப்புரோட்டான்கள் சிக்கிக்கொண்டிருப்பதை பமேலா என்ற செயற்கைக்கோள் கருவி கண்டறிந்தது. 2011இல் அந்தச் செய்தி வந்தபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் தேடி அது அங்கே எண்ணியவை மொத்தம் 28. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஆகவே நாமே உருவாக்க வேண்டும். செர்னில் வேகமேற்றிய புரோட்டான்களை இரிடியம் உலோகத் துண்டின் மீது மோதவிடுகிறார்கள். மோதலின் ஆற்றல் புதிய துகள்களாக மாறுகிறது. லட்சக்கணக்கான புரோட்டான்கள் போய் மோதினால் கைக்கு வருவது ஓர் எதிர்ப்புரோட்டான். ஒவ்வொன்றும் பிறக்கும்போதே தன் ஜோடிப் புரோட்டானுடன்தான் பிறக்கும், அதற்கான ஆற்றலையும் நாம்தான் கொடுத்தாக வேண்டும். எந்த இழப்பும் இல்லாத ஒரு கருவியைக் கற்பனை செய்துகொண்டாலும், போட்டதற்கு மேல் ஒரு துளி திரும்பி வராது. இன்றைய நடைமுறையில் திரும்பி வருவது, போட்டதில் ஏறத்தாழ நூறு கோடியில் ஒரு பங்கு. என் கடையில் பத்துக்கு ஏழு தரும் பேட்டரியையே மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள்.

பிறகு அவள் போட்ட கணக்கு. ஒரு கிராம் எதிர்ப்புரோட்டான் என்றால் 6க்குப் பின்னால் 23 சுழியங்கள். செர்னில் கிடைப்பது, தோராயமாக, நிமிடத்துக்கு ஒரு கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு கிராம் சேர 11,000 கோடி வருடத்துக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி வருடம்தான். அவள் இந்த இரண்டு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, நடுவில் சிவப்புப் பேனாவால் "எட்டு மடங்கு" என்று குறித்திருந்தாள். அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்தபோது என் நெஞ்சு நிறைந்தது.

மின்சாரக் கணக்கையும் போட்டிருந்தாள். அந்த ஒரு கிராமை உருவாக்க, இன்று உலகம் முழுவதும் வருடத்துக்கு உற்பத்தியாகும் 30 லட்சம் கோடி யூனிட்டையும் நூற்றுக்கணக்கான வருடங்கள் தொடர்ந்து கொட்ட வேண்டும்.

இனி அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். செர்ன் ஆய்வகம் இதுவரை உருவாக்கிய எதிர்ப்பொருள் அனைத்தையும் ஒரே நேரத்தில் அழித்து, அந்த ஆற்றலைச் சிந்தாமல் சிதறாமல் மின்சாரமாக மாற்றினாலும் ஒரே ஒரு குண்டு பல்பு சில நிமிடங்கள் எரியும். அந்த ஆய்வகமே சொல்லும் ஒப்பீடு இது. இதைக் கேள்விப்பட்டதும் அவள் சொன்னாள்: "மாமா, எனக்கு ராக்கெட் மாதிரி வேண்டாம். ஒரு பல்பு போதும்." என் கடையிலிருந்த பழைய மரப்பலகை ஒன்றில் ஹோல்டரைத் திருகினோம். ஒரு டைமரும் ஸ்விட்சும் வைத்தோம். ஸ்விட்சைப் போட்டால் இரண்டு நிமிடம் எரிந்து தானாக அணைந்துவிடும். பலகையின் கீழே அவள் எழுதியது: "செர்ன் ஆய்வகம் பல வருடங்கள் பாடுபட்டுச் சேர்த்தது இவ்வளவு நேரம்."

பலகையை என் வண்டியில்தான் கொண்டுபோய் இறக்கினேன். அதனால் அறையின் வாசலில் நின்று பார்க்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. நடுவர்கள் இருவர் வந்தார்கள். அவள் ஸ்விட்சைப் போட்டுவிட்டு டிராக்கிலிருந்து ஆரம்பித்தாள். நன்றாகத்தான் பேசினாள். சுரங்கம் கிடையாது என்ற இடத்துக்கு வந்தபோது விளக்கு அணைந்தது. "இணைப்பு விட்டுப்போய்விட்டது போல. சரிபார்த்து வை அம்மா," என்று சொல்லிவிட்டு இருவரும் அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்கள். அவள் "இல்லை சார், அது..." என்று தொடங்கியது அவர்களுக்குக் கேட்கவில்லை. மதிப்பெண் தாளில் 'செயல்படும் மாதிரி' என்ற கட்டத்தில் சுழியம் இருந்ததாக அவளே பிறகு சொன்னாள். 'சமூகப் பயன்' என்ற கட்டத்துக்கு எதிரே, எதிர்மறையான முடிவு என்று குறிப்பு எழுதியிருந்ததாம்.

பரிசு பெற்ற விண்கலத்தைச் செய்த மாணவன் மீது எனக்குச் சிறு வருத்தமும் கிடையாது. தெர்மோகோலில் அவ்வளவு நேர்த்தியாக வெட்டி ஒட்டியிருந்தான், கை சுத்தம். அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "இந்த ஒரு கிராம் எங்கிருந்து வரும்?" அவனும் யோசித்திருப்பான், அவள் மேஜைக்குப் போய்ப் பார்த்திருப்பான். அந்த வாய்ப்பு இரண்டு பிள்ளைகளுக்குமே கிடைக்கவில்லை.

அவள் முடிவு எதிர்மறையானது என்பதையும் நான் ஏற்கவில்லை. அட்டையின் கடைசிப் பகுதியில் அவள் எழுதியிருந்ததைப் பாருங்கள். மூலம் இல்லை என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிடவில்லை. எரிபொருளாக, சேமிப்பாக, விண்கலத்துக்கு இது உதவுமா என்ற அடுத்த கேள்விக்குப் போனாள். நியாயமான கேள்வி. நம் தெற்கே, மதுரையிலிருந்து நான்கு மணி நேரப் பயணத்தில், மகேந்திரகிரியில் கிரையோஜெனிக் எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கிறார்களே, அதில் எரியும் திரவ ஹைட்ரஜனும் பூமியில் தோண்டி எடுத்ததில்லை. மின்சாரமும் எரிவாயுவும் செலவழித்துப் பிரித்து, மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்து வைத்த சேமிப்புதான் அது. விண்வெளிக்குப் போகிறவருக்குச் செலவைவிட எடை பெரிய பிரச்சினை. 2023 ஜூலையில் 3,900 கிலோ எடையுள்ள சந்திரயான்-3ஐ அனுப்ப 640 டன் ராக்கெட் தேவைப்பட்டது. 1977இல் கிளம்பிய வாயேஜர்-1 நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில், சூரியனுக்கு அடுத்துள்ள நட்சத்திரத்தின் தூரத்தைக் கடக்க சுமார் 75,000 வருடம் ஆகும்.

அதே தூரத்தை ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தோடு போனால் 42 வருடம். ஒரு டன் கலத்துக்கு அந்த வேகத்தைக் கொடுக்க, ஆற்றல் துளியும் வீணாகாது என்று வைத்துக்கொண்டால், இரண்டரைக் கிலோ எதிர்ப்பொருளும் அதே அளவு சாதாரணப் பொருளும் போதும். ஒரு மனித ஆயுளுக்குள் இன்னொரு நட்சத்திரம்! இதற்காகத்தான் விஞ்ஞானிகள் எழுபது வருடமாக இந்தக் கனவை விடாமல் இருக்கிறார்கள். நானும் விட மாட்டேன்.

அப்புறம் அதை எதில் வைப்பது? என் தொழிலுக்கு மிக நெருக்கமான இடம் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். எந்தப் பாத்திரத்திலும் வைக்க முடியாது, சுவரைத் தொட்டால் அழிந்துவிடும். மின்புலமும் காந்தப்புலமும் கொண்ட பொறியில், நல்ல வெற்றிடத்தில், அந்தரத்தில் நிறுத்த வேண்டும். செர்னில் ஒரு குழு சிறு கூட்டம் எதிர்ப்புரோட்டான்களை இப்படி 405 நாள் காப்பாற்றியிருக்கிறது. அபாரமான சாதனை. ஆனால் ஒரு கிராமுக்கு இது நடக்காது. ஒரு கிராம் எதிர்ப்புரோட்டானின் மொத்த மின்னூட்டம் சுமார் 96,000 கூலூம். பேட்டரிக் கடைக் கணக்கில் 26.8 ஏ.எச். (ஆம்பியர்-மணி); காரில் வைக்கும் சின்னப் பேட்டரியைவிடக் குறைவு. இந்த எண் வந்தபோது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இவ்வளவுதானா மாமா? உங்கள் கடையில் 150 ஏ.எச். இருக்கிறதே!" ஆனால் பேட்டரிக்குள் எதிர் மின்னூட்டத்தின் பக்கத்திலேயே நேர் மின்னூட்டமும் அமர்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றை ஒன்று ஈடுகட்டிக்கொள்வதால்தான் அதை நான் தோளில் தூக்கிவர முடிகிறது. அங்கே அத்தனையும் ஒரே குறி. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கும். வானத்திலிருந்து விழும் ஒரு மின்னல் கொண்டுவருவதே சில பத்து கூலூம்தான். 96,000 கூலூமை ஒரு குடுவைக்குள் அடக்கி நிறுத்தும் புலம் எதையும் மனிதர்கள் இதுவரை செய்ததில்லை.

பாசிட்ரானைச் சேர்த்து எதிர் ஹைட்ரஜனாக்கினால் மின்னூட்டம் தீர்ந்துவிடும். ஆனால் மின்புலத்தின் பிடியும் அதோடு போய்விடும். காந்தப்புலத்தின் பலவீனமான பிடி மட்டும் மிஞ்சும். அதுவும் தனிச்சுழி வெப்பநிலைக்கு (மைனஸ் 273 டிகிரி) அரை டிகிரிக்குள் இருந்தால்தான் பிடிக்கும். 2011இல் சில நூறு அணுக்களைத்தான் இப்படிப் பிடித்தார்கள், அவற்றில் சிலவற்றை ஆயிரம் நொடி வரை, அதாவது கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக, நிறுத்தி வைத்தார்கள். ஒரு கிராம் இருக்கும் இடத்தில் குளிர்விக்கும் கருவிக்கு மின்சாரம் தடைபட்டால் 43 கிலோடன் வெடிப்பு, ஹிரோஷிமாவைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மின்தடைக்காகவே கடை வைத்திருக்கிற எனக்கு அந்த வரியை எழுதும்போது கை நடுங்குகிறது.

உந்துவிசையாக மாற்றும் சிக்கலை அவள் சுருக்கமாகத்தான் எழுதியிருந்தாள், எனக்கும் அதில் ஆழமில்லை. புரோட்டானும் எதிர்ப்புரோட்டானும் அழிந்தால் பயான் என்ற துகள்கள் சிதறும். மின்னூட்டமுள்ளவற்றைக் காந்தப்புலத்தால் பின்பக்கம் திருப்பிவிடலாம், ஆனால் இருபது மீட்டர் போவதற்குள் அவை சிதைந்துவிடும். மின்னூட்டமில்லாதவை உடனே காமா கதிர்களாகி நாலா பக்கமும் பறக்கும். ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அப்படிப் போகும். கலத்திலிருப்பவர்களை அதிலிருந்து காக்கக் கனத்த தடுப்பு வேண்டும். எடையைக் குறைக்கத்தானே இந்தப் பாடெல்லாம்!

கொஞ்சம் கிட்டத்தில் உள்ள வழி ஒன்று உண்டு. 1990களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், எதிர்ப்பொருளையே எரிபொருளாக்காமல் தீக்குச்சியாக மட்டும் பயன்படுத்தும் திட்டத்தை வரைந்தார்கள். மிகச் சிறு அளவு எதிர்ப்புரோட்டானால் யுரேனியத்தில் பிளவைத் தூண்டி, அதன் வழியே அணுச்சேர்க்கையைப் பற்றவைப்பது. அதற்கே மைக்ரோகிராம் கணக்கில் வேண்டியிருக்கும். உலகம் இதுவரை செய்ததெல்லாம் நானோகிராம் கணக்கில்தான் நிற்கிறது. இந்த இடைவெளியில்தான் வேலை செய்ய இடம் இருக்கிறது என்று அவள் எழுதியிருந்தாள். 2024 அக்டோபரில் செர்னில் 70 சாதாரணப் புரோட்டான்களைப் பொறியில் அடைத்து, வெளி மின் இணைப்பு இல்லாமல், லாரியில் ஏற்றி வளாகத்தைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்கள். எதிர்ப்புரோட்டானை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதற்கான ஒத்திகை அது. இதையும் குறிப்பிட்டிருந்தாள். எதிர்மறை மனம் கொண்டவர் இதையெல்லாம் தேடிப் படிப்பாரா, ஐயா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது ஜெனீவாவில் மட்டும் நடக்கிற சங்கதி என்று நம் பிள்ளைகள் நினைக்க வேண்டியதில்லை. வாழைப்பழத்தில் உள்ள பொட்டாசியத்தில் சிறு பங்கு கதிரியக்கமுள்ளது, ஒரு பழம் சுமார் ஒன்றேகால் மணி நேரத்துக்கு ஒரு பாசிட்ரானை வெளியிடுகிறது. புற்றுநோய் கண்டறியும் பெட் ஸ்கேன் வேலை செய்வதே பாசிட்ரானால்தான். நியூட்ரினோ ஆய்வுத் திட்டத்துக்காக மதுரையில் 85 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்பு அடுக்குக் கருவியை நிறுவி, வானிலிருந்து விழும் மியூயான் என்ற துகள்களைப் பதிவு செய்தார்கள். காந்தப்புலத்தில் வளையும் திசையை வைத்து மியூயானா, எதிர் மியூயானா என்று அது பிரித்துச் சொல்லும். நம் உள்ளங்கையை விரித்து நீட்டினால் நிமிடத்துக்கு நூறு மியூயான் அளவில் ஊடுருவிப் போகிறது. அதில் பாதிக்கு மேல் எதிர் மியூயான். இதை அவளிடம் சொன்ன அன்று, கடை வாசலில் நின்று வெகுநேரம் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

உங்களிடம் நான் வேண்டுவது அதிகம் இல்லை. 'செயல்படும் மாதிரி' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'கணக்கு' என்று ஒரு கட்டம் போடுங்கள். ஒரு யோசனை நடக்காது என்று எண்களோடு காட்டும் பிள்ளைக்கும், நடக்கும் என்று காட்டும் பிள்ளைக்குக் கொடுக்கும் அதே மதிப்பெண்ணைக் கொடுங்கள். ஒரு மேஜைக்கு இரண்டு நிமிடம் என்பதை ஐந்தாக்குங்கள். பிள்ளை பேசி முடிக்கும் வரை நகராதீர்கள்.

அவள் இந்த வருடமும் கலந்துகொள்ளப் போகிறாள். அதே தலைப்பு, அதே விளக்கு. டைமரை மாற்றலாமா என்று கேட்டேன். "வேண்டாம் மாமா. அணைய வேண்டிய நேரத்தில்தான் அது அணைகிறது," என்றாள். பலகை இப்போது என் கடையில், கல்லாவுக்குப் பின்னால், சுவரில் மாட்டியிருக்கிறது. நரசிங்கம் போகும் பாதையில் வந்து பேட்டரிக் கடை என்று கேட்டால் வழி சொல்வார்கள். உங்களில் யாராவது வந்தால் ஸ்விட்சை நீங்களே போட்டுப் பாருங்கள். பள்ளி விட்டு நாலரை மணிக்கு மேல் வந்தால் அவளும் இருப்பாள், அன்று பாதியில் நின்ற இடத்திலிருந்து சொல்வாள்.

அன்புடன்,
ஒத்தக்கடை பேட்டரிக் கடைக்காரன்